இருநூற்றுப் பதினான்காம் தூண்

அத்தியாயம் 19

போன வாரம் போலாஹனை நீளப் பாலத்தின் நடுவில் காருக்குள் உட்கார வைத்துவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவன் அங்கேதான் இருக்கிறான். இதில் என் குற்றம் எதுவும் இல்லை. லாகோஸில் காலை ஆறு மணிக்குத் தீவுப் பக்கமிருந்து பாலம் ஏறியவன், ஒன்பது மணிக்கும் அதே விளக்குக் கம்பத்துக்கு எதிரே நிற்பதைக் கதை என்று யாரும் சொல்வதில்லை.

பாலம் திறந்த வருஷம் எங்கள் தெருக்காரி ஒருத்தி நிறைமாதமாக அதில் ஏறினாள். இந்தப் பக்கம் இறங்கும்போது பையன் தானே செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கினான். நம்பாதவர்கள் அவனையே கேட்கலாம். முஷின் சந்தையில் டயர் விற்கிறான்.

போலாஹனைப் போனில் கேட்டேன். "எவ்வளவு தூரம் வந்திருக்கே?"

"சின்ன பாபா, ஒரு முழம் பின்னாடி போயிருக்கோம்."

"பின்னாடியா?"

"முன்னாடி இருக்கிற லாரிக்காரன் உருண்டு வந்தான். இடிப்பானேன்னு நாங்க எல்லாரும் மரியாதையா ஒதுங்கினோம்."

நடுவில் சில வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் அலாபி போய் முப்பது வருஷம் ஆகிறது. அவர் பிள்ளைகளுக்கு நான் சின்ன பாபா, அதாவது சித்தப்பா. பெரியவர்களை வீட்டு முற்றத்திலேயே புதைப்பது எங்கள் வழக்கம். அண்ணி ஜன்னலுக்கு எதிரே குழி வெட்டி, மேலே நீல டைல்ஸ் பதித்தோம். இப்போது எங்கள் தெரு மேலே ரயில் வரப்போகிறது. அதன் இருநூற்றுப் பதினான்காம் தூண் சரியாக அந்த நீல டைல்ஸ் மேல் விழுகிறது.

தூணை நட வேண்டிய எஞ்சினியர் அலாபியின் மூத்த மகள் மொரெனிகே. நட விடமாட்டேன் என்று பதினான்கு மாதம் கோர்ட்டுக்கு அலைந்தவன் அவள் தம்பி போலாஹன். பழைய கார்களைக் கப்பலில் இறக்கி விற்கிறவன். "எங்கப்பா நெஞ்சு மேல ரயில் ஓட விடமாட்டேன்" என்று நீதிபதி முன் நின்று அழுதான். நீதிபதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார்.

தீர்ப்பு இதுதான். இன்று மாலை நான்கு மணி வரை குடும்பத்தார் தங்கள் கையாலேயே அலாபியை எடுத்து, பின்கட்டில் வெட்டி வைத்திருக்கும் புதுக்குழிக்கு மாற்றலாம். நான்கு மணிக்கு மேல் மண்வாரி யந்திரம் எடுக்கும். குடும்பம் எடுப்பதானால் எங்கள் முறைப்படி முதல் மண்ணைத் தலைமகன்தான் வெட்ட வேண்டும். தலைமகன் விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மொரெனிகே ஒன்பதரைக்கு வந்தாள். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் முழங்கால் வரை சேறு. அப்படியே என் முன் மண்டியிட்டு வணங்கினாள்.

"எழுந்திரு. எதுல வந்தே?"

"ஜீப்ல."

"ரயில் கட்டறவ ஜீப்ல வரா."

"ஓடற ரயில் இருந்தா அதுல வரமாட்டேனா, சின்ன பாபா? ரயில் ஓட முதல்ல தூண் வேணும். தூணுக்குக் குழி வேணும். குழியில எங்கப்பா இருக்கார்!"

அவள் குரல் கடைசியில் உடைந்தது. நான் மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. நாலு வருஷமாகப் பார்க்கிறேன், பாவம். எங்கே தோண்டினாலும் வரைபடத்தில் இல்லாத ஏதாவது ஒன்று வருகிறது. கம்பி வந்தால் மூன்று கம்பெனிக்காரர்களும் "எங்களுது இல்லை" என்கிறார்கள். வெட்டினால் மூன்று பேரும் வழக்குப் போடுகிறார்கள். இருநூற்று மூன்றாம் தூணுக்கு வந்த சிமெண்ட் லாரி நெரிசலில் ஐந்து மணி நேரம் நின்றது. உள்ளே கலவை கல்லாகிவிட்டது. லாரியை நகர்த்த முடியாமல் சாலையோரமே விட்டுவிட்டார்கள். இப்போது அதன் நிழலில் ஒருத்தி வறுத்த கிழங்கு விற்கிறாள். பேருந்துக்காரர்கள் அதை ஒரு நிறுத்தமாகவே கூவுகிறார்கள்.

எங்கள் வெளிச்சுவரில் முன்பே கறுப்பு எழுத்தில் "இந்த வீடு விற்பனைக்கு அல்ல" என்று எழுதியிருந்தது. இந்த ஊரில் அப்படி எழுதி வைக்காவிட்டால், நாம் குளிக்கப் போன நேரத்தில் வீட்டை எவனாவது விற்றுவிடுவான். அதன் பக்கத்திலேயே ரயில்காரர்கள் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். சுவருக்கு வெளியே மண்வாரி யந்திரம் நின்றது. அதன் ஓட்டுநர் வாளிக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

மொரெனிகேவுக்கு அளவெடுத்துக் கொடுக்கிற எஃபியோங் மட்டும் நடந்தே வந்திருந்தான். கலபார்க்காரன், நிதானமான பையன். வரைபடத்தை டைல்ஸ் மேல் விரித்தான். அதில் என் அண்ணனுக்குப் பெயர் இல்லை. "தடை எண் 31" என்று இருந்தது.

"இதை அடிச்சு எழுது," என்றாள் மொரெனிகே.

"என்னன்னு எழுத, மேடம்?"

"அலாபின்னு எழுது. தபால் ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் சைக்கிள் மிதிச்சவர்னு எழுது. எங்கப்பாவை மெஷின் வாளி அள்ளாது, எஃபியோங். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அள்ளாது."

எஃபியோங் "அலாபி" என்று மட்டும் எழுதினான். கட்டத்துக்குள் அவ்வளவுதான் இடம் இருந்தது.

உண்மையில் என் அண்ணன் கார் ஏறியதே ஒரு தடவைதான், அதுவும் பெட்டிக்குள் படுத்து. காரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "நாலு பேர் நடக்கிற இடத்தை ஒருத்தன் உட்கார்ந்து அடைச்சுக்கறான்" என்பார். மகன் கார் வியாபாரி ஆனதைப் பார்க்காமல் போனது அவர் புண்ணியம்.

இங்கே வாசகர்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த நீல டைல்ஸுக்குக் கீழே என் அண்ணன் இல்லை.

சாவு வீட்டு நாளில் முறைப்படி அங்கேதான் இறக்கினோம். ஜெபம் முடிந்ததும் ஊரே தெருவுக்குப் போய் வாத்தியக்காரர்களோடு ஆடத் தொடங்கியது. மாடு வெந்துகொண்டிருந்தது. மண் தள்ள நானும் குழி வெட்டிய இரண்டு பேரும்தான் மிஞ்சினோம். பார்த்தால் குழிக்குள் தண்ணீர் ஏறுகிறது. வெட்டியவன் ஏதோ குழாயைக் கொத்திவிட்டிருக்கிறான். அண்ணன் பெட்டி லேசாக மிதக்க ஆரம்பித்தது. என்ன செய்வது? குழாயைக் கட்டினேன். பெட்டியைத் தூக்கி, முற்றத்திலேயே காய்ந்த இன்னோர் இடத்தில் வெட்டி இறக்கினோம். ஆனால் டைல்ஸ்காரர் ஜன்னலுக்கு எதிரே அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணியும் அங்கேதான் வேண்டும் என்றிருந்தாள். அதனால் டைல்ஸ் அங்கே, அண்ணன் வேறிடத்தில்.

பிற்பாடு இதைச் சொல்லாமல் இல்லை. மொரெனிகே கல்யாணத்தன்று சபையிலேயே சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கு முன்னால் ஆடு ஓட்டிய மினிபஸ்ஸைப் பற்றிச் சொல்லியிருந்தேன், அதனால் வந்த வினை. அதோடு விட்டுவிட்டேன்.

இன்றைக்கு என் திட்டம் எளிமையானது. தோண்டட்டும். ஒன்றும் கிடைக்காது; அந்தக் குழாய்கூட இந்நேரம் துருப்பிடித்துச் செத்திருக்கும். "முப்பது வருஷம் ஆச்சு, மண்ணோட மண்ணாயிட்டார்" என்று சொல்லி, ஒரு பிடி மண்ணை அள்ளிப் புதுப் பெட்டியில் போட்டுப் பின்கட்டில் வைத்துவிடலாம். இங்கே தூண் நிற்கும். அண்ணன் தன் இடத்தில் தூங்குவார். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மணி பதினொன்று. மொரெனிகே தம்பியைக் கூப்பிட்டாள். போனைச் சத்தமாக வைத்தாள்.

"எங்கேடா இருக்கே?"

"வணக்கம், சிஸ்டர். கம்பம் மாறிடுச்சு. இப்ப வேற கம்பம்."

"இறங்கி நட!"

"காரைப் பாலத்துல விட்டுட்டா? நேத்துதான் துறைமுகத்துல எடுத்தேன். இன்னும் நம்பர்கூட மாட்டல, சிஸ்டர்."

"அப்பா முக்கியமா, கார் முக்கியமா?"

"இப்படிக் கேட்டா எப்படி? நீங்கதான் பாலம் இறங்கற இடத்துல ரெண்டு வரிசையை மூடி வச்சிருக்கீங்க. இங்க எல்லாரும் ரயிலைத்தான் திட்டறாங்க. எனக்கும் சேர்ந்து திட்டணும்போல இருக்கு. அக்காவாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நீ திட்டாததா? பதினாலு மாசம் கோர்ட்ல என்னைக் கல்நெஞ்சுக்காரின்னு சொல்லலையா?"

"மரியாதையாத்தானே சொன்னேன். நீங்க கல்நெஞ்சுக்காரிங்கன்னுதான் சொன்னேன்."

எங்கள் ஜனங்களிடம் இது ஒரு நல்ல பழக்கம். வயதில் மூத்தவர்களை எப்படித் திட்டினாலும் பன்மையில்தான் திட்டுவோம்.

அவள் போனை அணைத்தாள். அணைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு வரிசையை மூடச் சொன்ன உத்தரவில் இன்று விடியற்காலை கையெழுத்துப் போட்டவள் அவள்தான். இருநூற்று ஒன்பதாம் தூணுக்குக் கலவை ஊற்றும் நாள். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள்.

ஒரு மணிக்குப் போலாஹன் இன்னும் பாலத்தில். பாதிரியாரும் வேறொரு நெரிசலில். பிரார்த்தனையைப் போனிலேயே செய்வதாகச் சொல்லி அனுப்பினார். மொரெனிகே காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் கொடுத்த பயற்று வடையைக் கையில் வைத்துப் பிசைந்து பிசைந்து மாவாக்கினாள்.

"எஃபியோங், ஒரு வரிசையைத் திறந்தா எத்தனை நேரத்துல அடைப்பு கரையும்?"

"ஒண்ணரை மணி நேரம் ஆகும், மேடம். ஆனா வரிசையைத் திறந்தா கலவை லாரிங்க வெளியே போகணும். போனா திரும்ப வராது. ஊத்துன பாதி அப்படியே இறுகிடும். உடைச்சுத்தான் எடுக்கணும்."

"தெரியும்."

"மேலதிகாரி கேட்டா?"

"கேட்கட்டும்." அவள் கையை உதறினாள். மாவு டைல்ஸ் மேல் விழுந்தது. "நாலு வருஷமா இந்த ஊர்ல கார் வச்சிருக்கிற ஒவ்வொருத்தனும் எனக்கு அட்வைஸ் பண்றான். ஒருத்தனும் கார்லேருந்து இறங்க மாட்டேங்கறான். கடைசியில என் தம்பி ஒருத்தனோட காருக்காக நானே என் தூணை உடைக்கிறேன். திற, எஃபியோங். சீக்கிரம் திற, நான் மனசு மாறறதுக்குள்ள."

எஃபியோங் போன் செய்தான். அடுத்த நிமிஷமே மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார். போனுக்குள்ளிருந்து அவர் கத்தியது வெளியே வாளிக்குள் தூங்கியவனை எழுப்பியது. அவள் "சரி சார், என் பொறுப்பு சார்" என்று ஏழு தடவை சொன்னாள். நான் எண்ணினேன்.

போலாஹன் மூன்று மணிக்கு வந்தான். பெரிய வெள்ளி நிறக் காரை நேராக வாசலுக்குள் விட்டு, கேட்டுக்கு உள்ளே வழக்கமான இடத்தில் நிறுத்தினான். பின்கதவைத் திறந்ததும் ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு துணி தேய்க்கும் பலகை, இரண்டு எலிப்பொறி, நாய்க்குட்டி ஒன்று என்று வரிசையாக இறங்கின. எல்லாம் பாலத்தில் கார்களுக்கு நடுவே ஓடி ஓடி விற்கிறவர்களிடம் வாங்கியவை.

"அப்பாவை எடுக்க வரச் சொன்னா சந்தை பண்ணிட்டு வரியா?" என்றாள் மொரெனிகே.

"ஒன்பது மணி நேரம், சிஸ்டர். ஜன்னலுக்கு ஜன்னல் வந்து கெஞ்சறாங்க. நாய்க்குட்டி என்னைப் பார்த்து அழுதது." கடிகாரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். "ஓடுது பாருங்க. நல்ல கடிகாரம்."

"மண்வெட்டியை எடு."

 போலாஹன் வெள்ளை அங்கியோடு டைல்ஸ் முன் குப்புற விழுந்து வணங்கினான். எழுந்தபோது நெற்றியில் பயற்று மாவு ஒட்டியிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பாதிரியார் போனில் ஜெபித்தார். நடு நடுவே அவர் வண்டியின் ஹாரனும் ஜெபித்தது. எஃபியோங் டைல்ஸைப் பெயர்த்தான். போலாஹன் முதல் மண்ணை வெட்டினான்.

பிறகு அக்காளும் தம்பியும் மாறி மாறி வெட்டினார்கள். பதினான்கு மாதமாக வக்கீல் வழியாக மட்டும் பேசிக்கொண்ட இரண்டு பேர், "தள்ளு", "பார்த்து", "கால்" என்று பேசிக்கொண்டார்கள்.  புதுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, 'ஒரு பிடி மண்' என்று சொல்லத் தயாராக ஓரத்தில் நின்றேன்.

இடுப்பளவு ஆழம் போனதும் மண் ஈரமாக வந்தது. மார்பளவில் 'ணங்'கென்றது.

"பெட்டி!" என்றான் போலாஹன்.

பெட்டி இல்லை. தொடை பருமனில் ஓர் இரும்புக் குழாய். அதன் நடுவில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. அதன் இடுக்கிலிருந்து தண்ணீர் ஊசி போலப் பீய்ச்சி மொரெனிகேவின் முகத்தில் அடித்தது.

எஃபியோங் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எதுலயும் இல்ல, மேடம். தெரு முழுக்கத் தண்ணி இதுலதான் போகுது போல."

"எங்கப்பா எங்கே?" போலாஹன் குழிக்குள்ளிருந்து அக்காளை அண்ணாந்து பார்த்தான். "சிஸ்டர், உங்க ஆளுங்க முன்னாடியே எடுத்துட்டாங்களா?"

"என்னையா கேக்கறே? கோர்ட்ல ஜெயிக்கணும்னு நீதான் எங்கேயாவது ஒளிச்சு வச்சிருக்கே!"

"அப்பாவை ஒளிக்க அவர் என்ன கார் சாவியா? நீங்க நாக்கில விஷம் வச்சிருக்கீங்க, சிஸ்டர்!"

அவள் குழிக்குள் இறங்கினாள். குனிந்து அந்தக் கறுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அது சைக்கிள் டியூப். அதில் சிவப்பு ரப்பரில் நட்சத்திரம் போல வெட்டி ஒட்டிய ஓர் ஒட்டு.

"இது நான் ஒட்டினது," என்றாள் மெதுவாக. "பத்து வயசுல. அப்பா சைக்கிளுக்கு."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சின்ன பாபா. என் கல்யாணத்துல ஒரு கதை சொன்னீங்களே. பெட்டி மிதந்ததுன்னு. குழாயை டியூபால கட்டினேன்னு."

"சொன்னேன்," என்றேன். "நீங்கதான் சிரிச்சீங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் முதல்முறையாக நான் சொன்ன ஒன்றை எல்லாரும் நம்பினார்கள். அது அவ்வளவு சுகமாக இல்லை.

"அப்போ அப்பா எங்கே?" இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் எஃபியோங் குறுக்கே வந்தான். பாவம், அவன் வேலையில் மும்முரமாக இருந்தான். கையில் அளவு நாடா, காதில் பென்சில்.

"மேடம், இந்தக் குழாயை மாத்தணும்னா ஆறு மாசம் ஆகும். தூணைத்தான் நகர்த்தணும். இந்தப் பக்கம் வீட்டுச் சுவர். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கழிவுத் தொட்டி. ஒரே ஒரு பக்கம்தான் இடம் இருக்கு. கேட் பக்கம் ரெண்டு மீட்டர்." சிவப்புப் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே நடந்தான். வெள்ளிக் காரின் முன்னால் நின்றான். "சரியா இங்கதான். சார், குறி போடணும். வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுக்கறீங்களா?"

மொரெனிகே குழியிலிருந்து ஏறினாள், அவள் பின்னால் போலாஹனும் ஏறினான். சேற்றுக் கையோடு சாவியை எடுத்தான். கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

"போலாஹன்," என்றேன். "வண்டியை நகர்த்தாதே."

"ஏன், சின்ன பாபா?"

"உங்கப்பா அதுக்குக் கீழேதான் இருக்கார்."

முற்றத்தில் நாய்க்குட்டி மட்டும் குரைத்தது. மொரெனிகே குழி விளிம்பில் அப்படியே உட்கார்ந்தாள். முகத்தில் வடிந்தது குழாய்த் தண்ணீரா வேறா என்று தெரியவில்லை. அண்ணன் இறந்த மறுமாசமே இதே கேட்டில்தான் போலாஹன் கார் ஓட்டப் பழகினான். முன்னால், பின்னால், முன்னால், பின்னால் என்று ஒரு மழைக்காலம் முழுக்க. அதற்குப் பிறகு முப்பது வருஷம் விற்ற ஒவ்வொரு காரும் அங்கே நின்றுதான் போனது.

ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அவன் உட்கார்ந்திருந்தான். சாவி துவாரத்தில் இருந்தது. திருப்பக் கை வரவில்லை. முன்னால் எடுத்தாலும் அப்பா, பின்னால் எடுத்தாலும் அப்பா.

"சிஸ்டர்," என்றான் சின்னக் குரலில். "நான் இப்ப எப்படி இறங்கறது?"

சுவரில் சாய்ந்திருந்த கடிகாரம் நன்றாகத்தான் ஓடியது. மூன்று ஐம்பது. வெளியே ஓட்டுநர் வாளியிலிருந்து இறங்கி, கொட்டாவி விட்டு, யந்திரத்தை ஸ்டார்ட் செய்தான்.